பஸ் ஓட்டிய லொரேன் சைக்கிளில் கடலுக்குப் போனது

லண்டனில் லேட்டன் டிப்போவில் இருபத்தொன்பது வருடம் மாடி பஸ் ஓட்டியவள் லொரேன் பட்னி. சைக்கிள்காரர்களைத் திட்டுவதற்கென்றே அவளிடம் தனி அகராதி ஒன்று இருந்தது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழைகிறவன் எலி. சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவன் சொர்க்கத்துக்கு முன்பதிவு செய்தவன். உடம்போடு ஒட்டிய பளபளப்பு உடுப்பில் முதுகை வளைத்துக்கொண்டு பறக்கிறவன் உரித்த கோழி. டிப்போவின் டீ அறையில் இவர்களையெல்லாம் அவள் நடித்துக் காட்டினால் சக ஓட்டுநர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மார்ச் மாதம் அவள் ஓய்வு பெற்றபோது வெட்டிய கேக்கின் மேல் சர்க்கரையில் ஒரு சைக்கிளும், அதன் மேல் ஏறி நிற்கும் சிவப்பு பஸ்ஸும் செய்து வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவள் அதே வருடம் ஜூலையில் ராத்திரி முழுக்க சைக்கிள் மிதித்துக் கடலுக்குப் போக வேண்டி வந்தது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. நுணல் கெட்டதும் வாயால்தானே.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை பப்பில் மதியச் சாப்பாடு. பக்கத்து மேசையில் அடுத்த வீட்டு கெத்தின் உட்கார்ந்திருந்தான். வேல்ஸ்காரன், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன், நாற்பது வயதிருக்கும். வருடா வருடம் ஜூலையில் ஹாக்னி பூங்காவிலிருந்து சாயங்காலம் கிளம்பி, விடியும்போது சஃபோக் கடற்கரையைத் தொடுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அந்தப் பயணத்தின் மேடுகளையும் பனியையும் கண்ணைச் சுழற்றும் தூக்கத்தையும் அவன் பப்புக்கே கேட்கும்படி வருணித்துக்கொண்டிருந்தான். லொரேன் இரண்டாவது கோப்பை ஆப்பிள் சைடரில் இருந்தாள்.

"ஏம்ப்பா கெத்தின், நீ விடிய விடிய உக்காந்துகிட்டே போற. நானும் இருபத்தொம்பது வருஷம் உக்காந்துகிட்டேதான் போனேன். இதுல என்ன பெருமை? நான்கூடப் போவேன்."

கெத்தின் பதில் சொல்லும் ஆளில்லை. ஆனால் அவனோடு உட்கார்ந்திருந்த மார்சியா பிராம்வெல் சொல்லும் ஆள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், அந்த ராத்திரிப் பயணத்தைப் பல தடவை முடித்தவர். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப வாயேன்," என்றார்.

பப்பே திரும்பிப் பார்த்தது. லொரேன் தன் புருஷன் பெர்னார்டைப் பார்த்தாள். பெர்னார்ட் வீடுகளுக்குக் கம்பளம் பதிக்கிற வேலை செய்து ஓய்ந்தவன். மனைவி இப்படிப் பார்க்கும் நேரங்களில் தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கை உற்றுக் கவனிப்பதே நல்லது என்பது அவன் கல்யாண வாழ்க்கையில் கற்ற பாடம். மறுநாள் பப்பின் கரும்பலகையில், ஆட்டுக்கறிச் சாப்பாட்டின் விலைக்குக் கீழே, "லொரேன் கடலுக்குப் போகிறாள்" என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. அதற்கப்புறம் பின்வாங்க வழியில்லை.

மார்சியா தன் தோட்டத்துக் கொட்டகையிலிருந்து பழைய சிவப்பு சைக்கிள் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். கெத்தின் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டான். லொரேன் சின்ன வயதில் சைக்கிள் விட்டவள்தான், விழாமல் ஓட்டினாள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்தாலும் அவள் ஓட்டியது பஸ்ஸைத்தான்.

முதல் நாளே இடது திருப்பத்தில் அவள் நடுச்சாலை வரை விலகிப் போய், அங்கிருந்து பெரிய வட்டமாக வளைந்தாள். எதிரே வந்த வேன்காரன் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். கெத்தின் வெளிறிப்போய் ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டான்.

"பின்னாடி வால் இடிச்சிரும்ல?"

"உங்களுக்கு வால் கிடையாது, லொரேன்."

அடுத்து, பஸ் நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அவள் கை தானாக பிரேக்கைப் பிடித்தது. பின்னால் வந்த கெத்தின் இரண்டு தடவை அவள் மேலேயே மோதினான். ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் என்ன நினைத்தாரோ, கையையும் நீட்டிவிட்டார். லொரேன் ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்தினாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி இல்லாமல் ஓட்ட முடியாது என்று அவள் பிடிவாதம் பிடித்ததில், பெர்னார்ட் யாருடைய பழைய ஸ்கூட்டரிலிருந்தோ இரண்டு பெரிய கண்ணாடிகளைக் கழற்றி வந்து ஹேண்டில்பாரில் பூட்டினான். அதன் பிறகு சைக்கிள் தோட்டத்து வாசலில் நேராக நுழையவில்லை. தினமும் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

மே மாதம் மார்சியா அவளைப் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கக் கூட்டிப் போனார். நீண்ட தூரத்துக்கு அது இல்லாமல் முடியாது. வார்டின் கடைசிக் கட்டிலுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் மார்சியாவுக்கு. அந்தக் குரலிலேயே கடைக்குள் விளக்கினார்.

"உள்ள ஒண்ணும் போடக் கூடாது, கண்ணு. இதையே அப்படியே போட்டுக்கணும்."

கடையில் இருந்த மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் டயர்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"மெதுவா பேசுங்க மார்சியா," என்றாள் லொரேன். "எங்கம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. இருந்தாலும் இது அவ காதுல விழுந்துரும்."

அன்று அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து வந்தபோது, தலையணையைத் திருடிக்கொண்டு வருகிறவள்போல இருந்தாள். பெர்னார்ட் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

இதெல்லாம் ஊர் பார்க்காமல் நடந்தவை. ஜூன் மாதம் லீ பாலத்துச் சாலையில் நடந்ததை ஊரே பார்த்தது. மேடு ஏற உதவும் என்று கெத்தின் மிதிகட்டையில் வார் போட்டிருந்தான். பாதத்தை அதற்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கில் லொரேன் சட்டப்படி நின்றாள். கால் மாட்டியிருப்பது ஞாபகம் வரவில்லை. காலை ஊன்றப் பார்த்தாள்; கால் வரவில்லை. பழைய சுவர் சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், சைக்கிளோடு சேர்ந்து தரையில் சாய்ந்தாள். பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. அவளுடைய பழைய வழித்தட பஸ். மாடியில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓட்டுநர் டெஸ்மண்ட், டீ அறையில் அவளுக்கு எதிர் நாற்காலிக்காரன், ஜன்னலைத் தள்ளித் திறந்தான்.

"லொரேன், இது எதுல சேர்த்தி? எலியா, கோழியா?"

"வாய மூடிகிட்டு வண்டியப் பாருடா, டெஸ்மண்ட்," என்றாள் அவள் படுத்தபடியே. "ஏற்கெனவே நாலு நிமிஷம் லேட்டு நீ."

சாயங்காலத்துக்குள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்று பேர் போன் செய்து விசாரித்தார்கள். மூன்று பேரும் பேசும்போது கோழிபோலக் கொக்கரித்தார்கள். லொரேன் சமையலறையில், வீங்கிய முட்டியின் மேல் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெர்னார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"விட்டுடேன். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

அன்போடுதான் சொன்னான். ஆனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவளுக்கு அதிகாலையில் முழிப்பு வந்துவிடும். முதல் பஸ்ஸை எடுக்கிற நேரம். எழுந்து, தலை வாரி, கீழே வந்து, அடுப்பு மேடையில் கையூன்றி நிற்பாள். போக இடமில்லை. தனக்காக இனி எந்த நிறுத்தத்திலும் ஒருவரும் காத்திருக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொள்வாள். இந்தச் சிவப்பு சைக்கிள் வந்த பிறகு அந்த நேரத்தில் அவள் கால்வாய்க் கரையில் மிதித்துக்கொண்டிருந்தாள். இதைப் பெர்னார்டிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"பட்டாணி உருகிடுச்சு. சோளம் இருக்கும், அத எடு," என்றாள்.

மறுநாள் காலையில் சைக்கிள் வாசலில் இல்லை. பெர்னார்ட் புரிந்துகொண்டான். பயணம் முடிகிற விடியலில் தன் வேனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்து, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிவருவது தன் பொறுப்பு என்று அவனாகவே சொன்னான். ரேடியோவைப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் பேசாமல் தனியாக ஓட்டுவது அவனுக்குத் திருவிழா மாதிரி.

கடைசி வாரம் மூட்டை கட்டும் வாரம். கெத்தினுக்கு எடை ஒரு வியாதி. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பையே பாதியாக வெட்டிவிட்டவன் அவன். ஒரு டியூப், ஒரு பம்பு, விளக்கு, மழைச்சட்டை, இரண்டு வாழைப்பழம், இதற்கு மேல் தூக்குகிறவன் முட்டாள் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். லொரேன் தலையாட்டினாள். அப்புறம் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறவள்போலக் கட்டினாள். ஆறு பேருக்கு முட்டை சாண்ட்விச். தகர டப்பா நிறையப் பழக் கேக். இரண்டு பிளாஸ்க் டீ. ஊறவைத்த வெங்காயம் ஒரு பாட்டில். உட்காருவதற்கு ஒரு மடக்கு முக்காலி. பாதம் குளிர்ந்தால் வைத்துக்கொள்ள வெந்நீர்ப் பை.

சனிக்கிழமை மதியம் கெத்தின் அவள் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தான். சைக்கிள் பையைப் பார்த்தான். என்ன எடை இருக்கும் என்று ஒரு கையால் தூக்கினான். ஏதோ முறிகிற சத்தம். முக்காலி போயிற்று என்று பெர்னார்ட் நினைத்தான். போனது கெத்தினின் முதுகு. சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, தன்னால் எழுந்திருக்க முடியும், ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மார்சியாவை வரவழைத்தார்கள். அவர் அவனைப் புரட்டி, நாலு இடத்தில் அழுத்தி, நாலு இடத்திலும் அலறவைத்து, தீர்ப்புச் சொன்னார். உட்காரலாம், மிதிக்க முடியாது. அவன் பெர்னார்டோடு வேனில் வரட்டும். இதைக் கேட்டபோது இரண்டு ஆண்கள் முகத்திலும் ஒரே அளவு துக்கம்.

லொரேனுக்கு அழுகை வந்துவிட்டது. தன்னால்தானே என்று மன்னிப்புக் கேட்டாள், தானும் போகவில்லை என்றாள். தரையிலிருந்து கெத்தின் கையை உயர்த்தினான்.

"நீங்க போகணும், லொரேன். போய்த்தான் ஆகணும். ஆனா அந்த வெங்காயத்த மட்டும் எடுத்து வெளிய வைங்க."

வெங்காயமும் முக்காலியும் வெந்நீர்ப் பையும் வெளியே வந்தன. கேக்கை எடுக்க அவள் சம்மதிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஹாக்னி பூங்காவில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நின்றன. இரட்டைச் சைக்கிள், படுத்து ஓட்டும் சைக்கிள், பின்கூடையில் நாய் உட்கார்ந்த சைக்கிள். அந்த இரண்டு பெரிய கண்ணாடிகளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மார்சியா முன்னால் போக, அவருடைய பின்விளக்கின் சிவப்பைப் பார்த்துக்கொண்டே லொரேன் பின்னால் போனாள். எஸ்ஸெக்ஸ் கிராமங்களில் ஜனங்கள் வாசலில் நாற்காலி போட்டுக் கை தட்டினார்கள். யாருக்கோ தட்டுகிறார்கள் என்று முதலில் அவள் திரும்பிப் பார்த்தாள்.

நடுவில் ஓரிடத்தில் அவளுக்கு டயர் பஞ்சர். பளபளப்பு உடுப்பில் முதுகை வளைத்துப் பறந்து வந்த ஒருவன் கேட்காமலே நின்று, மண்டியிட்டு, டியூபை மாற்றத் தொடங்கினான். வேலை செய்தபடியே லண்டன் பஸ் ஓட்டுநர்களைத் திட்டினான். ஈவிரக்கம் இல்லாதவர்களாம், சைக்கிளைக் கண்டாலே ஆகாதாம். லொரேன் அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாப்பா," என்றாள். "அவங்கள்ல சில பேரு ரொம்ப மோசம்." அவன் போகும்போது கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் வந்த மேட்டில் அவள் இறங்கி, சைக்கிளை வேலியில் சாய்த்து, இனி தன்னால் ஆகாது, ரயிலில் வருகிறேன் என்றாள். மார்சியா வாதாடவில்லை.

"முதல் ரயிலு காலைல எட்டு மணிக்கு மேலதான், கண்ணு. கடல் அதுக்கு முன்னாடியே வந்துரும்."

லொரேன் வேலியோரம் உட்கார்ந்தாள். மார்சியா கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றாள். ஏறினாள்.

கடல் விடிந்த பிறகுதான் வந்தது. சாம்பல் நிறத்தில், பெரிதாக ஒன்றும் செய்யாமல் கிடந்தது. லொரேன் சைக்கிளைக் கூழாங்கல்லின் மேல் போட்டுவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் முட்டி வரை தண்ணீரில் போய் நின்றாள். மார்சியா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நீந்தப் போனார்.

வேனைக் காணவில்லை. கெத்தின்தான் காரணம். சைக்கிள்காரர்கள் போகும் சந்துகள் வழியாகவே போகலாம், அதுதான் அழகான வழி என்று பெர்னார்டை நச்சரித்திருக்கிறான். இரண்டு பக்கமும் வேலி உரசுகிற அந்தச் சந்தில் வேனுக்கு முன்னால் சைக்கிள் கூட்டம், பின்னாலும் சைக்கிள் கூட்டம். மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தார்கள். கெத்தின் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தன் முதுகு போன கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். ரேடியோவை அவன் கிளம்பியபோதே நிறுத்திவிட்டான்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது கடற்கரை முழுக்க ஆட்கள் தலைக்கவசத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் கையில் டீயை ஏந்திக்கொண்டு வரிசையாகக் குனிந்து பார்த்து நடந்தான். இரண்டு பேரைத் தவறுதலாக எழுப்பி மன்னிப்புக் கேட்டான். கடைசியில், உப்பு நீர் காய்ந்து வெளுத்த காலணிகளோடு வாயைத் திறந்தபடி தூங்கியவளைக் கண்டுபிடித்தான். எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தில் வெயில் படாதபடி தன் நிழலைச் சரிசெய்துகொண்டான். டீ ஆறியது. அவனே குடித்தான்.

வெகு நேரம் கழித்து அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"டீ எங்க?"

"ஆறிப் போச்சு. குடிச்சிட்டேன்."

"சரி, போய் இன்னொண்ணு வாங்கிட்டு வா. பொரிச்ச மீனும் வாங்கு. உருளைக்கிழங்கு நெறையப் போடச் சொல்லு."

அவன் கல்லில் கால் புதையப் புதைய வரிசையில் நிற்கப் போனான். லொரேன் எழுந்து உட்காரப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் சொன்னபடி கேட்கவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்துவிட்டு, அதில் அவசரம் ஒன்றும் இல்லை என்று திரும்பப் படுத்துக்கொண்டாள்.