இருக்கன்குடி வரைக்கும் ஒரு டிரயல்

தீபாவளி முடிஞ்ச பிறகுதான் சிவகாசிக்காரகளுக்கு லீவு. எங்க வீட்டுக்காரவுக பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ் வச்சிருக்காக. சீசன்ல அவுகளைப் பிடிச்சு உக்கார வச்சு ஒரு வாய் சோறு திங்க வைக்கிறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோகும். தீபாவளி கழிஞ்சு பிரஸை மூடுற அந்த ஒரு வாரம்தான் எங்களுக்குன்னு இருக்கிறது. மக கல்யாணம் முடிஞ்ச கையோட, தூரப் பயணத்துக்குன்னே ஒரு பெரிய டூரிங் பைக் வாங்குனாக. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு சொந்தக்காரக அம்புட்டுப் பேரும் கேட்டாக. நானும்தான் கேட்டேன். பின்னால உக்காந்து மூணாறு போயிட்டு வந்த பிறகு கேக்கல.

வீட்டுல இருந்தா அந்த மனுசனுக்கு வாயைத் தொறந்தா முத்து உதிந்துரும்னு நினைப்பு. "சோறு வை", "சாவி எங்க", அம்புட்டுத்தான் பேச்சு. வண்டியில ஏறுனா மட்டும் பேசுவாக. ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கத்திக் கத்திப் பேசுவாக, பாதி காத்துல போயிரும். மிச்சத்தைக் கேக்க நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். பொண்ணு பாக்க வந்தப்ப நான் என்ன கலர் சேலை கட்டியிருந்தேன்னு வால்பாறை மலை வளைவுல வச்சுத்தான் சொன்னாக. தப்பாச் சொன்னாக, அது வேற விசயம். போன தீபாவளி கழிச்சு கோவா வரைக்கும் கடலோரமாவே போறதுன்னு பேசி வச்சிருந்தோம். அதை நினைச்சுக்கிட்டுத்தான் நான் அந்தச் சீசனையே தள்ளுனேன்.

அந்த நேரம் பாத்து கியர் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது.

ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்குத் தூக்குனா விழாது. எஞ்சின் மட்டும் ஊன்னு கத்தும், வண்டி இழுக்காது. குறைக்கும்போது சிலநேரம் ஒண்ணுக்கு ரெண்டா இறங்கி வண்டி வெட்டும், என் ஹெல்மெட் அவுக ஹெல்மெட்டுல போயி முட்டும். "என்ன ஓட்டுறீக, இது என்ன மாட்டு வண்டியா?"ன்னு நான் கத்துவேன். "நானாம்மா செய்றேன்? கிளட்ச் சரியில்ல"ம்பாக.

அவுக லேசுல விடுற ஆளா? பிரஸ்ல ஒரு நூல் அளவு கலர் தள்ளி அடிச்சாலே காரணம் தெரியாம மிஷினை விட்டு நகர மாட்டாக. முதல்ல கிளட்ச் கேபிளை இறுக்குனாக. அப்புறம் தளத்துனாக. அப்புறம் புதுசே மாத்துனாக. வண்டியை நடு ஸ்டாண்டுல ஏத்தி, கியர்ல போட்டு, கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு, என்னையப் பின் சக்கரத்தைச் சுத்தச் சொல்லுவாக. லேசாச் சுத்துனா கிளட்ச் முழுசா விடுதுன்னு அர்த்தமாம். லேசாத்தான் சுத்துச்சு. அப்படின்னா ஆயில் தடிச்சிருக்கும்னு ஆயிலை மாத்துனாக. கியர் லிவரை ஏத்தி வச்சுப் பாத்தாக, இறக்கி வச்சுப் பாத்தாக. திருத்தங்கல்ல தெரிஞ்ச மெக்கானிக் எஞ்சினைப் பிரிச்சு, கிளட்ச் பிளேட்டை எடுத்துக் காட்டி, "கருகவே இல்ல அண்ணாச்சி, அப்படியே போட்டுக்கலாம்"னு சொன்னாரு. கேட்டாகளா? அதையும் மாத்துனாக.

கடைசியில அந்த மெக்கானிக்கே ஏறி விருதுநகர் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, "வண்டி தங்கமா இருக்கு அண்ணாச்சி, எல்லாக் கியரும் விழுது"ன்னாரு. இவுகளுக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "அப்ப நான் பொய் சொல்றேனா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டாக. சாப்பிடும்போது யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தாக. "ஒத்தை ஆளா ஓட்டுனாத் தெரியாதும்மா. லோடு ஏத்துனாத்தான் கோளாறு வெளிய வரும்."

"லோடுன்னா யாரு, நானா?"

"பின்ன?"ன்னு சிரிச்சாக. "ஞாயித்துக்கெழமை இருக்கன்குடிக்குப் போவோம். மாரியாத்தாளைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, டிரயல் பாத்த மாதிரியும் ஆச்சு."

போனோம். சாத்தூர் தாண்டவும் மூணாவது விழாம வண்டி உறுமுச்சு. "பாத்தியா, லோடு ஏறவும் காட்டிருச்சு பாரு"ன்னு அவுகளுக்கு ஒரே சந்தோசம். கருவேலங்காட்டை ஒட்டி ஓரங்கட்டிட்டு, இறங்கி, வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து கேபிளை முறுக்குனாக. நான் வெயில்ல நின்னு முனங்கிக்கிட்டு இருந்தேன்.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயிலு. ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு இறங்குனா, அய்யோ, கல்லு கொதிக்குது. நான் தத்தக்கா பித்தக்கான்னு ஓடுறேன். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பிள்ளையை இடுக்கிக்கிட்டு என்னைய முந்திக்கிட்டு ஓடுறா. எங்க வீட்டுக்காரவுக மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி கணக்கா மெதுவா நடந்து வாராக. "ஆத்தா உங்களுக்கு மட்டும் குளுகுளுன்னு ஜமுக்காளம் விரிச்சு வச்சிருக்கா போல"ன்னு நிழல்ல நின்னுக்கிட்டுக் கேலி பண்ணேன். பண்ணிக்கிட்டே கீழ பாத்தேன். அவுக நடந்து வந்த கல்லுல, இடது கால் பட்ட இடத்துல எல்லாம் சிவப்பா ஒரு சொட்டு.

உக்கார வச்சுக் காலைத் தூக்கிப் பாத்தா, பெருவிரலுக்குக் கீழ கருவேலமுள்ளு முறிஞ்சு உள்ள நிக்கி. ஷூ அடியில ஏறி, காலுறையில ஏறி, சதைக்குள்ள போயிருக்கு. அதோடதான் ஓட்டி வந்திருக்காக, நடந்திருக்காக.

"வலிக்கலையா?"

"எது?"ன்னாக.

"கண்ணை மூடுங்க"ன்னேன். மூடுனாக. ஒரு விரலைப் பிடிச்சு நசுக்கி, "எந்த விரலு?"ன்னு கேட்டேன். "இன்னும் பிடிக்கலையே நீ"ன்னாக. அடுத்த விரலை நகத்தால கிள்ளுனேன். "பிடி, சொல்றேன்"னு கண்ணை மூடிக்கிட்டே காத்திருக்காக. சக்கரத்தைச் சுத்தச் சொல்லி அம்புட்டு நாள் என்னைய வேலை வாங்குனாகளே, கோளாறு எங்கன இருந்துச்சுன்னு அங்கன வச்சுத்தான் எனக்கு விளங்குச்சு. கியர் போடுற காலு அதுதான். லிவர் காலுல பட்டுச்சா இல்லையான்னே அவுகளுக்குத் தெரியல.

அவுகளுக்குச் சுகர் இருக்கு. எங்க ஊருல யாருக்குத்தான் இல்ல? மாத்திரை ஞாபகம் வந்தா உண்டு, சீசன் வந்துட்டா அதுவும் கிடையாது. விருதுநகர்ல டாக்டர் பாத்துட்டு, கால் நரம்பு மரத்தது இன்னைக்கு நேத்து இல்ல, எப்பவோ ஆரம்பிச்சிருக்குன்னாரு. நெசந்தான். இடது கால் செருப்பு தெருவுலயே கழண்டு கிடக்கும், ஒத்தைச் செருப்போட வாசல்ல வந்து நிப்பாக. "புத்தி பிரஸ்லயே கிடக்கு"ன்னு ஏசிட்டு நான் போயி எடுத்துட்டு வருவேன். வண்டியில பிரிச்சுப் பாக்காத சாமான் கிடையாது. அந்தக் காலைத் தொட்டுப் பாக்க ஒருத்தருக்கும் தோணல. கூடப் படுத்து எந்திரிக்கிற எனக்குமா தோணாது?

புண்ணு ஆறல. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துட்டாக. முன்னாடியே வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் யாரையும் குறை சொல்லாமத்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரியில இருந்து கார்லதான் கூட்டிட்டு வந்தோம். வழிநெடுக ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாக. வீட்டுக்கு வந்தும் "தண்ணி குடு", "கண்ணாடி எங்க", அம்புட்டுத்தான். எனக்கு அழுகை விரலுக்காக மட்டும் இல்ல. இனிமே இந்த மனுசன் என்கிட்ட எங்க வச்சுப் பேசுவாகன்னுதான்.

தீபாவளி முடிஞ்சு பிரஸை மூடுனாக. கோவாவுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அன்னைக்குக் காலையில காபியை வச்சுக்கிட்டுத் தேடுறேன், ஆளைக் காணோம். போர்ட்டிகோவுல, ஸ்டாண்டு போட்ட வண்டி மேல ஏறி உக்காந்திருக்காக. "ஏம்மா, பின்னால ஏறு"ன்னாக. கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு ஏசத்தான் வாயெடுத்தேன். மூஞ்சியப் பாத்ததும் காபியைக் கீழ வச்சுட்டு ஏறி உக்காந்தேன். சாவி போடல. கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு இடது காலை ஒரு தூக்குத் தூக்குனாக.

"விழுந்துச்சா?"

நான் எட்டிப் பாத்தேன். காலு லிவருக்குப் பக்கத்துலயே இல்ல. வெறுங்காத்தைத் தூக்கியிருக்காக.

"விழுந்துருச்சு, போங்க"ன்னேன்.