ஒரு தவலைத் தண்ணீர்

போன வாரம் செஞ்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திண்டிவனம் சாலையில் புதிதாகக் கட்டியிருக்கிற மண்டபம். பந்தியில் இலைக்கு இலை ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார்கள். இப்போது அதுதான் கௌரவமாம். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தான். செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டு, அந்தப் பாட்டிலைத் திறந்து காலைக் கழுவினான். சாம்பார் சிந்தியிருக்கும் போல. அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் ‘டேய்’ என்று ஒரு சத்தம் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. வழக்கம்போல அதைத் தாண்டி வரவில்லை. நான் அப்படித்தான். பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தால், அவர் இறங்குகிற ஊர் வரும்வரை பொறுத்துக்கொள்கிற ஆள்.

குடிக்கிற தண்ணீரைக் காலில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. நான் வளர்ந்த வீடு அப்படி. வீடு என்று சொல்கிறேன். அது ஒரு படகு.

செஞ்சியில் யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. மலையைப் பார்த்தபடி அரிசி மண்டியில் சாக்குத் தைக்கிறவன் படகில் வளர்ந்தவன் என்றால் யார் நம்புவார்கள்? சாக்குத் தைக்கிற கை முதலில் படகின் பாயைத் தைத்த கைதான். ஊசி கொஞ்சம் சின்னதாகிவிட்டது, அவ்வளவே.

மரக்காணத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குப் போகிற படகு எங்களுடையது. எங்களுடையது என்றால், உப்பு வியாபாரி ஒருவருக்குச் சொந்தமானது, நைனா ஓட்டினார். காற்று இருந்தால் பாய் கட்டுவோம். இல்லாவிட்டால் நானும் நைனாவும் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்போம். பின்பக்கத்தில் ஓலை வேய்ந்த ஒரு கூண்டு. நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்குள் அம்மா, தனம் அக்கா, தம்பி. மணல் நிரப்பிய பெட்டியின்மேல் அடுப்பு. படகின் அடிப்பலகைக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். அந்த நாற்றம் சோற்றிலும் இருக்கும், தலைமுடியிலும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்கு அதுதான் காரணம். படகு எந்தக் கரையில் கட்டிக் கிடக்கிறதோ அந்தக் கரையின் பள்ளிக்கூடம் என்று மூன்றாம் வகுப்புவரை ஓட்டினேன். பிறகு படகு நகர்ந்துகொண்டே இருந்தது.

படகில் குடும்பம் நடத்துவது பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கு நாள் முழுவதும் காது ஒரு பக்கமே இருக்கும். தம்பிக்கு இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பாய்மரத்தில் முடிந்திருப்போம். காலில் சலங்கை போட்டிருப்போம். சலங்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அம்மா குழம்பு தாளிப்பாள். நின்றுவிட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். பெரும்பாலும் அவன் தூங்கியிருப்பான். அப்படியும் அம்மாவின் நெஞ்சு அடங்க நேரமாகும். நைனாவும் அம்மாவும் சண்டை போட்டால் நாங்கள் போக இடம் கிடையாது. தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒன்றும் காதில் விழாதவர்கள்போல இருப்போம். பெண்கள்பாடு இன்னும் கஷ்டம். ஒதுங்க வேண்டுமென்றால் கரை வரவேண்டும், கரையில் ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை தண்ணீர். சுற்றிலும் தண்ணீர்தான், அத்தனையும் உப்பு. மரக்காணத்தில் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். அம்மாவும் அக்காவும் தலையில் சுமந்து வந்து இரண்டு பெரிய பானைகளை நிரப்புவார்கள். பட்டணம் போய்ச் சேரும்வரை அதுதான். முகம் கழுவக் கால்வாய், குடிக்கப் பானை. இதை மாற்றி யாராவது கை வைத்தால் அம்மா கையிலேயே ஒன்று போடுவாள்.

அக்காவுக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. ஒருவர் சொன்ன காரணம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: “எந்த வாசல்ல வந்து பொண்ணு கேக்கறது? இன்னிக்கு இருக்கிற வாசல் நாளைக்கு வேற ஊர்ல இருக்குது.” நைனா அதைக் கேட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அம்மாவின் குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன். ஓர் அமாவாசைக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு ஓர் அம்மாள் விசாரித்தாள். செஞ்சிக்காரர்கள், அம்மாவின் வழியில் தூரத்துச் சொந்தம்கூட. ஒரே பையன், சொந்த நிலம். முதலில் நானும் நைனாவும் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். ராஜகிரி மலைக்குக் கீழே கிணற்றோடு சேர்ந்த வீடு. மாடுகள் பின்னால் நடந்து பிறகு முன்னால் இழுக்க, தோல் சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து தொட்டியில் கவிழ்ந்தது. கவிழ்ந்த தண்ணீர் அப்படியே மண்ணில் ஓடியது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நைனா மாப்பிள்ளையைப் பார்த்ததைவிட அந்த வாய்க்காலைத்தான் அதிகம் பார்த்தார். கையில் அள்ளிக் குடித்தார். மிச்சமிருந்ததைக் கீழே உதறாமல் ஒரு கத்தரிச் செடியில் விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம், “இந்த ஊட்ல அவ தாகத்துக்கு யோசிக்க வேணாம்டா” என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஆசை வந்துவிட்டதே, இனி தட்டிப்போனால் தாங்க மாட்டாரே என்று.

அவர்கள் பெண் பார்க்க வந்தது படகுக்குத்தான். நைனா வேறு யார் வீட்டையாவது கேட்கலாமா என்று யோசித்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்கிறத பார்த்துட்டுப் போகட்டும்” என்றாள்.

வந்த நேரம் சரியில்லை. கடல் உள்வாங்கியதில் கால்வாயிலும் தண்ணீர் இறங்கி, உப்பு மூட்டைகளோடு படகு சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி தண்ணீர் ஏறும்போது, பொழுது சாயுமுன் கிளம்பிவிட வேண்டும். அம்மாவும் அக்காவும் அப்போதுதான் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு பானைகளையும் கரையில், படகில் ஏறுகிற பலகையோரம் வைத்துவிட்டு, தலைவாரக் கூண்டுக்குள் போயிருந்தார்கள். செஞ்சிக்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கி, முழங்கால்வரை கறுப்புச் சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அவளுடைய அண்ணன், கூட நான்கைந்து பெண்கள். பலகையோரம் இரண்டு பானை, பக்கத்தில் ஒரு செம்பு. விருந்தாளி வந்தால் கால் கழுவ வாசலில் தண்ணீர் வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். வைத்திருக்கிறார்களே என்று கழுவ ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அண்ணன்காரர் செம்பை முக்கி முக்கி ஊற்றினார். குதிகாலைத் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். நைனா பக்கத்தில் கைகட்டி நின்றார். பெண்ணைப் பெற்றவர், வந்தவரிடம் எப்படிச் சொல்வார்? நான் பாய்மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு செம்புக்கும் ஒருமுறை எச்சில் விழுங்கினேன். கழுவி முடித்தவர், கட்டியிருந்த தம்பியைப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குக் கொழந்தைய கன்னுக்குட்டி மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுச் சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். முதல் பானை காலியாகி, இரண்டாவது பானையில் பாதி போயிருந்தது. கடைசியாக மாப்பிள்ளையின் அம்மா செம்பை முக்கினாள்.

அக்கா கூண்டைவிட்டு வெளியே வந்தாள். ஒரு பக்கம் பின்னியும் மறு பக்கம் பின்னாமலும் தலை.

“அத்தே, அது நாங்க பட்டணம் போற வரைக்கும் குடிக்கிற தண்ணி.”

குரல் உயரவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில், காபி கொண்டுவரச் சொல்லுமுன், பெண் வாயைத் திறந்துவிட்டாள். அதுவும் இதைச் சொல்ல. அந்த அம்மாள் அக்காவை ஒரு தடவை பார்த்தாள். செம்பிலிருந்ததைச் சிந்தாமல் பானையிலேயே விட்டாள். கால்வாய் ஓரம் இறங்கி அந்தக் கலங்கல் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். அம்மா காபி போடப் போக, “வேணாம்மா” என்றாள். எவ்வளவு சொல்லியும் குடிக்கவில்லை. பெண் வீட்டில் கை நனைக்காமல் போனால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி ஏறும்போது, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். எங்கே சொல்லி அனுப்புவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தண்ணீர் ஏறியது, மறுபடி கிணற்றுக்குப் போக நேரமில்லாமல் கிளம்பினோம். அரைப்பானைத் தண்ணீரோடு பட்டணம் போனோம். அம்மா கொட்டாங்கச்சியால் அளந்து ஊற்றினாள். முதலில் தம்பிக்கு, கடைசியில் அக்காவுக்கு. கூழைக் கெட்டியாகக் கரைத்தாள். விக்கல் வந்தால்கூட யாரும் பானைப் பக்கம் போகவில்லை. அம்மா அக்காவிடம் வழி முழுக்கப் பேசியது ஒரே ஒரு தடவை. “தண்ணிய மிச்சம் புடிச்சே. உன் வாழ்க்கையக் கொட்டிட்டே.” அக்கா தன் பங்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நைனா கயிறு இழுக்கும்போது மட்டும் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். பின்னால் வந்த எனக்குத் தோள் எரிந்தது.

எங்களுக்குத் தபால் கிடையாது. எதிரே வருகிற படகுதான் தபால். படகுகள் ஒன்றையொன்று தாண்டுகிற நேரத்தில் கத்திச் சொல்வார்கள், பதில் கேட்டு முடிப்பதற்குள் தாண்டிவிடும். சாவும் பிறப்பும் எங்களுக்கு அப்படித்தான் தெரியும். திரும்பி வரும்போது கோவளத்துக்குத் தெற்கே கன்னியப்பனின் படகு எதிரே வந்தது. அவர் மரக்காணத்து ஆள். தூரத்திலிருந்தே கையை வாயில் குவித்துக்கொண்டார்.

“செஞ்சிக்காரங்க வண்டி வந்துச்சி. ஒரு தவலத் தண்ணி எறக்கியிருக்காங்க. உப்புக் கொட்டாயில இருக்குது.”

“வேற இன்னா சொன்னாங்க?” என்று நைனா கத்தினார். கன்னியப்பன் உதட்டைப் பிதுக்கியது தெரிந்தது. பிறகு அவருடைய பாய்தான் தெரிந்தது.

அதிலிருந்து மரக்காணம் வரும்வரை நாங்கள் பட்டதைச் சொல்லி முடியாது. நைனாவுக்குச் சந்தேகமே இல்லை. ஊற்றிய தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், நமக்கும் அவர்களுக்கும் இனி ஒன்றுமில்லை என்றார். அம்மா அங்காளம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். முடிந்த கையோடு அழுதாள். நான் இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டினேன். வழியில் காற்று நின்றுவிட்டது. பிறகு தண்ணீர் வற்றிப் படகு தரை தட்டியது. சேற்றில் சாய்ந்த படகில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ ஒரு கொட்டகையில் இருக்கிற தவலையை ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். “தண்ணிய மட்டும் திருப்பறவங்க நம்ம பானைக்காகக் காத்திருந்து ஊத்திட்டு, தவலைய எடுத்துக்கினுல்ல போவாங்க. தவலைய ஏன் நைனா உட்டுட்டுப் போனாங்க?”

நைனா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆசைப்படுவதற்கே பயந்து போயிருந்தார்.

மரக்காணத்தில் கட்டியதும் நைனா கயிற்றை என்னிடம் எறிந்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார். நான் கட்டினேனா, சும்மா சுற்றினேனா என்று தெரியாது, பின்னாலேயே ஓடினேன். மூலையில் பித்தளைத் தவலை இருந்தது. வாயை வாழை இலையால் மூடி மஞ்சள் கயிறு சுற்றியிருந்தார்கள். உப்புக் கொட்டகைக் காவல்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“இன்னாய்யா இத்தினி நாளா? தொடாம காவல் காக்கறேன் நானு. பொண்ணு மொதல்ல குடிக்கணுமாம். அந்தம்மா சொல்லிட்டுப் போச்சி.”

நைனா அப்படியே உப்பு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். அக்காவைக் கூட்டி வரச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார்.

அக்கா கல்யாணமாகிச் செஞ்சிக்குப் போன புதிதில், தரை ஆடாததால் தூக்கம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். சாலையில் லாரிகள் வந்து கால்வாயில் படகு நின்றுபோனபோது, அக்கா வீட்டுக்காரர் என்னையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். படகை விறகுக்கு உடைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே தம்பியின் சலங்கை எங்கேயோ தொலைந்துபோனது. இரண்டு வருடத்துக்கு முன் மரக்காணம் போனேன். நாங்கள் படகு கட்டிய இடத்தில் மணலும் முள்செடியும். சாய்ந்து கிடக்கக்கூடச் சேறு இல்லை. அக்காவின் மாமியார் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. நைனா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கிணறும் வற்றி, மேலே கல்பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். கோடையில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். வரிசையில் முதல் குடம் எப்போதும் அக்காவுடையது. தவலை பரணில் இருக்கிறது. நிரப்ப முடியாத அளவுக்குப் பெரிது என்கிறாள்.

அந்தக் கல்யாணத்துக்கு அக்காவும் வந்திருந்தாள். காலைக் கழுவிய பையன் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். பாதித் தண்ணீர் அதில் இருந்தது. அக்கா குனிந்து எடுத்தாள், மூடியைத் தேடித் திருகினாள், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டாள்.