சீனி இல்லாத தேத்தண்ணி

என் கையெழுத்துக் கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படிவங்கள்தான். காலமான ஐயாவின் பதக்கப் பெட்டிக்குள் ஒரு சீனிப் பக்கெட் ஏன் இருக்கிறது என்று அவருடைய மகள் கேட்டார். வாயால் சொல்ல எனக்கு வராது.

கிளென் ஈடனில் அவர்கள் வீட்டுப் புல் வெட்டப் போய்த்தான் ஐயாவோடு பழகினேன். அஜர்பைஜான் நாட்டுக்காரர். வெட்டி முடித்ததும் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கிளாசில் பால் விடாத தேத்தண்ணி தருவார். நாங்கள் பனங்கட்டி கடிப்பதுபோல, அவர் சீனிக்கட்டியைக் கடித்தபடி குடிப்பார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

மொஸ்கோவில் படித்து, மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கியவர். அவருடைய நாடு தனிநாடானதும், வெளிநாடு ஒன்றில் இரண்டு வாடகை அறைகளில் தூதரகம் திறந்தாராம். கொடி வந்து சேரவில்லை, மனைவி தைத்துக் கொடுத்தாராம். பிறகு தூதுவர், பிறகு பாராளுமன்ற உறுப்பினர். "ஒருமுறை வென்றேன், மறுமுறை தோற்றேன். தோற்ற அடுத்த நாள் வீட்டு மணி அடிக்கவே இல்லை" என்பார். மனைவி இறந்தபின் மகளிடம் வந்துவிட்டார்.

ஏன் கலியாணம் கட்டவில்லை என்று ஒருநாள் கேட்டார். புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் இடத்தில் என்னோடு வேலை செய்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கணவரை இழந்தவர், தமையனோடு இருப்பவர். மூன்று வருடம் பக்கத்தில் நின்றும் "குளிர்" என்பதற்கு மேல் நான் கதைத்ததில்லை.

"நான் போய்க் கேட்கிறேன். எனக்கும் வேலையில்லாமல் துருப்பிடிக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டும் டையுமாக என் காரில் ஏறினார். வழியில் சொன்னார்: "எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போனால் வாயால் பதில் சொல்லமாட்டார்கள். தேநீர் சீனியோடு வந்தால் சம்மதம். சீனி இல்லாமல் வந்தால், மரியாதையாக எழும்பிவிட வேண்டும்."

தமையனிடம் அவர் இங்கிலிஷில் கதைத்ததைக் கேட்டால், ஒரு நாடே என்னை அனுப்பியது போல இருக்கும். அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஐயா ஒரு வாய் குடித்தார். தட்டைப் பார்த்தார். சீனி இல்லை. கோப்பையை மெதுவாக வைத்து எழும்பி, "உங்கள் பதிலை மதிக்கிறேன்" என்று தமையனுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இது தமிழ் வீடு என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையிலேயே அதுதான் பதிலோ என்று பயந்துவிட்டேன். நானும் பின்னால் போனேன்.

காருக்குள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "மன்னியும். நான் தோற்ற பேச்சுவார்த்தைகள் உண்டு. இவ்வளவு விரைவாக இல்லை" என்றார்.

அந்தப் பெண் ஜன்னலடிக்கு வந்து நின்றார்.

"என்ன, என்ர தேத்தண்ணி அவ்வளவு மோசமோ?"

"அவையின்ர ஊரில... சீனி போடாட்டி விருப்பமில்லை எண்டு அர்த்தமாம்."

"அண்ணாவுக்குச் சலரோகம். வீட்டுக்குச் சீனி வாங்கி ரெண்டு வருசம்." என்னைப் பார்த்து, "நீங்களும் அப்பிடித்தான் நினைச்சனீங்களோ?" என்றார்.

"ஓம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"இப்ப கேக்கிறன்" என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியாது.

அந்தப் பெண் தன் ஜாக்கெட் பொக்கற்றைத் துழாவி, வேலையிடத்துத் தேத்தண்ணி அறையில் எடுத்த சீனிப் பக்கெட் ஒன்றை, என்னைத் தாண்டி ஐயாவிடம் நீட்டினார். "இதை வைச்சிருக்கச் சொல்லுங்கோ. உள்ள வரட்டும், தேத்தண்ணி ஆறுது."

ஐயா அதை இரண்டு கையாலும் வாங்கி, கோட்டின் உள்பொக்கற்றில் வைத்தார். பிரிக்கவே இல்லை. கசந்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

என் மனைவி இதை வாசித்துவிட்டு, "குளிர் மட்டுமில்ல, ஒருக்கா மழை எண்டும் சொன்னனீங்கள்" என்கிறா. எனக்கு ஞாபகமில்லை. ஐயா இருந்தால் அவ சொன்னதையே எழுதச் சொல்லியிருப்பார்.

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை.