எஃப்-ஒன் அக்கா

அக்காவின் விரல் விசைப்பலகைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கிறது. பார்வை சன்னலைத் தாண்டி எங்கேயோ போயிருக்கிறது. இந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டால் பதில் வராது. தேநீரில் ஆடை படிந்து, அதுவும் ஆறிப்போகும். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இப்ப அந்தப் பொண்ணு எங்க அழுத்துவா தெரியுமா? பக்கத்துல இருக்கிற பொத்தான" என்பார். அந்தப் பெண் யாரென்று அவருக்கும் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள் திரை முன்னால் திகைத்து உட்காரப்போகிற யாரோ ஒருத்தி. அவள் தலைமுடி ஈரமாக இருக்கிறதா, அறையில் மின்விசிறி ஓடுகிறதா என்பது வரை அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் அலுவலகம் தயாரிக்கும் மென்பொருள், மழை, காற்று, ஆற்றின் நீர்மட்டம் என்று எதையாவது தினமும் அளந்து குறித்து வைப்பவர்களுக்கானது. சந்தையில் உள்ள மூன்று வகைக் கணினிகளிலும் ஓடும். எஃப்-ஒன் விசையைத் தட்டினால் திறக்கிற உதவிப் பக்கங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டும் இவர் எழுதியவை. மென்பொருளோடு சேர்ந்தே அவையும் கணினிக்குள் குடியேறிவிடுவதால், இணையம் இல்லாத இடத்திலும் திறக்கும். அதனால்தான் எஃப்-ஒன் அக்கா. புதிதாக வந்த ஒருவர் அதையே இயற்பெயர் என்று நினைத்து, தன் கல்யாண அழைப்பிதழில் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா அதைத் திருத்தவில்லை.

'எளிதாக' என்ற சொல் அவருக்கு ஆகாது. என் வரைவில் அதைப் பார்த்துவிட்டு, "சுலபமா இருந்தா நம்மள எதுக்குக் கூப்பிடப் போறாங்க?" என்று மெல்லக் கேட்டார். வீட்டிலும் இதே கதைதான் என்று அவருடைய வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். உப்பு எங்கே என்று மகள் கேட்டால், மேல்தட்டு, இடப்பக்கம், நீல மூடி, திறக்காவிட்டால் அழுத்தித் திருகு என்று பதில் வருமாம். மகள் இப்போதெல்லாம் உப்புக் குறைவாகவே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாளாம்.

போன வருடம் ஒரு மதியம், துறைமுகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கடல் நடுவே ஒரு சின்னத் தீவில் தனியாக வானிலை அளவெடுப்பவர். அங்கே தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. மாதத்துக்கு ஒரு படகு. சாமான் வாங்க வந்த இடத்திலிருந்து பேசினார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், உதவிப் பக்கங்கள் அத்தனையையும் கதைப் புத்தகம் மாதிரி இரண்டு தடவை படித்து முடித்திருந்தார். அக்காவின் குரல் இன்னும் கொஞ்சம் வயதானதாக இருக்கும் என்று நினைத்திருந்தாராம். அக்கா சிரித்தார். அடுத்து அவர் சொன்னதில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை எதிர் மேசையிலிருந்து நான் பார்த்தேன்.

தப்பாக எழுதிய ஒரு பதிவை நீக்க எந்த விசைகளை அழுத்த வேண்டும் என்று ஒரு பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார். இரண்டு வகைக் கணினிகளுக்கு அது சரி. மூன்றாவது வகையில் அது அந்த மாதத்துப் பதிவு முழுவதையும் துடைத்துவிடும். தீவில் இருந்தது மூன்றாவது வகை. பதினோரு நாள் அளவுகள் போய்விட்டன. அவர் குரலில் குறைப்பட்ட தொனியே இல்லை.

"ஞாபகத்துல இருக்கிறத எழுதி வெச்சிருக்கேம்மா. ஆனா ஞாபகம் அளவாகாதே."

மென்பொருள் எப்போதும் ஒரு நகலை அதே கணினிக்குள் ஒளித்து வைத்திருக்கும். நாற்பது நாளில் அதுவும் அழிந்துவிடும். இருபத்தைந்து நாள் ஏற்கெனவே போயிருந்தது. அடுத்த படகுக்குள் கெடு முடிந்துவிடும். துறைமுகத்துப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது.

அக்கா மூன்றாவது வகைக் கணினி ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். அந்த நகலை மீட்கும் வழியை ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்து ஒன்பது வரி எழுதினார். அதைத் தொலைபேசியில் நிதானமாகச் சொல்ல, அந்தப் பக்கத்தில் அவர் சாமான் பட்டியலின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

"அங்க போனப்புறம் என்னைக் கேக்க முடியாது. இப்பவே ஒருதரம் படிச்சுக் காட்டுங்க" என்றார் அக்கா. அவர் படித்துக் காட்டினார். படகின் சங்கு கேட்டது.

மறுநாள் அக்கா தன் தவறை மேலாளரிடம் தானே போய்ச் சொன்னார். மென்பொருளை வாங்கிய எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினார். மூன்று கணினிகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் முதலிலிருந்து சோதித்தார். அந்த ஒன்பது வரிகளைப் புதிய பக்கமாகச் சேர்த்தார். யார் கை தவறாது என்று நாங்கள் ஆறுதல் சொன்னபோது தலையாட்டிக்கொண்டார்; காதில் விழுந்ததா தெரியவில்லை. தீவைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசியது ஒரே தடவைதான். சன்னல் திரை உப்பிக்கொண்டு உள்ளே வந்தது. "இப்ப அங்க காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ" என்றார்.

படகு வரும் நாளில் தொலைபேசி ஒலித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பதினோரு நாளும் கிடைச்சிருச்சும்மா. என் ஞாபகத்துல நாலு நாளு தப்பு." பிறகு தயங்கியபடி சொன்னார்: "ஏழாவது வரியில மட்டும் அரை நாள் நின்னுட்டேன். 'அல்லது'ன்னு சொல்லியிருந்தீங்க. ரெண்டுல எதுன்னு கேக்க அங்க யாரும்மா இருக்கா?"

நாங்கள் கைதட்டினோம். யாரோ இனிப்பு வாங்க எழுந்தார்கள். அக்கா தொலைபேசியை வைத்தார். புதிய பக்கத்தைத் திறந்தார். ஏழாவது வரிக்குப் போய், அந்த 'அல்லது' இருந்த இடத்தில் சுட்டியை நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.