தாய்வழி வந்த நோய்

என் மகனுடைய கெண்டைக்கால்கள் நாலு வயதிலேயே உருண்டு திரண்டு இருந்தன. கொக்குவிலில் அயலவர்கள் பந்தடிக்காரன் என்று மெச்சினார்கள். ஆனால் அவன் ஓடும்போது அடிக்கடி விழுந்தான். விழுந்தால், தொடைகளில் கையை ஊன்றி, தன் உடம்பிலேயே ஏறுவதுபோலத்தான் எழும்பினான்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் கூட வந்தார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர், இது தசைகள் மெல்ல மெல்ல அழியும் நோய் என்றார். குணமாக்க மருந்து இல்லை.

"பெண்களுக்கு எக்ஸ் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், ரெண்டு இருக்கு. ஒண்டு பழுதெண்டாலும் மற்றது சமாளிக்கும். அதாலை உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒண்டுதான், அது தாயிட்டையிருந்துதான் வரும். உங்கடை தாய்வழியிலை ஆம்பிளையள் ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

"இல்லை," என்றார் அம்மா, நான் வாய் திறக்க முன்னம்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அழுதார். "என்ரை தம்பிக்கும் உதுதான். பதினாறு வயசிலை மூச்சு விடேலாமல் போனவன்."

மாமா காய்ச்சலில் செத்ததாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஏனம்மா மறைச்சனீங்கள்?"

"சொல்லியிருந்தா உன்னை ஆர் கட்டியிருப்பினம்?"

என் கணவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. உடுப்பிட்டியில் இருந்த அம்மா வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அப்போது என் தங்கைக்கு நெல்லியடியில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவளிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் சொன்னேன்.

"எனக்கும் இருக்குமோ அக்கா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி எண்டு டொக்டர் சொன்னவர். இரத்தத்தைச் சோதிச்சாத்தான் தெரியும்."

"அப்ப அவையளுக்கும் சொல்லவேணும். சொல்லாமல் கட்டினால் அம்மா செய்ததைத்தானே நானும் செய்யிறன்."

அவளுடைய இரத்தம் கொழும்புக்குப் போனது. அன்று பின்னேரமே மாப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். முடிவு வரும்வரை பொறுப்பதாக அவர் சொன்னார். அடுத்த கிழமை அவருடைய தகப்பன் தொலைபேசி எடுத்தார்.

"எங்களுக்கு ஒரே பெடியன். குறை நினையாதேங்கோ."

முடிவு வந்தபோது மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கலியாண எழுத்து முடிந்திருந்தது. தங்கையிடம் அந்தப் பழுது இல்லை. அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதனால் ஒரு பயமும் இல்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் மதிலோடு சாய்ந்து நின்று அழுதாள். அவளைத் தொடக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

"நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா அவள் இண்டைக்குப் பிள்ளைகுட்டியோடை இருந்திருப்பாள்," என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். தங்கை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. பிறகு வந்த சம்பந்தங்களையும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். மகனைத் தூக்கிக் குளிப்பாட்ட எனக்குத் தனியே ஏலாது.

அவனுக்குப் பதின்மூன்று வயது. சக்கர நாற்காலியில் இருந்தபடி பள்ளிக்கூடம் போனவன், போன வருடத்தோடு நின்றுவிட்டான். கரண்டியை வாய்வரை உயர்த்தக் கை வருவதில்லை. போன மாதம் சோறு தீத்தும்போது கேட்டான்:

"அம்மா, உங்கடை மாமா எத்தினை வயசிலை செத்தவர்?"

ஆரிடம் கேள்விப்பட்டான் என்று தெரியவில்லை.

"தெரியாதப்பு," என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு சோற்றுக் கோப்பையை வாங்கி, மிச்சத்தை அவளே தீத்தினாள்.