துடைத்த இலைகள்

சாம்பலைக் கண்டால் பரசுராமனுக்குக் கை சும்மா இருக்காது. அத்திப்பட்டு வீட்டில் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றோடு வந்து படியும் நிலக்கரிச் சாம்பலைத் தினமும் அவர்தான் துடைப்பார்.

தாவர உயிரியல் ஆண்டு மாநாட்டில் தங்கை ரமாபாயின் ஆராய்ச்சிப் போஸ்டருக்கு முன்னால் ஓர் அலையாத்திச் செடி இருந்தது. அவள் டீ குடிக்கப் போனதும் சாம்பல் படிந்த அதன் இலைகள் அவர் கண்ணை உறுத்தின. பெரிய மனிதர்கள் வருகிற இடம் ஆயிற்றே! கைக்குட்டையை நனைத்து, இலை இலையாகப் பளபளவென்று துடைத்துவிட்டார்.

திரும்பி வந்த ரமாபாய்க்கு முகம் வெளுத்தது. “இன்னாண்ணா பண்ணி வெச்சுக்கீற? அந்தச் சாம்பலக் காட்டத்தானே செடியத் தூக்கினு வந்தேன்!”

“கலீஜா கீதேன்னு...” என்று இழுத்தார் பரசுராமன்.

அதற்குள் மதிப்பெண் போடும் பேராசிரியர் வந்து போஸ்டரைப் படித்தார். “இலையில சாம்பல் எங்கேம்மா?”

“எங்க அண்ணன் துடைச்சிட்டாரு சார். எங்க ஊர்ல காலைல எழுந்ததும் எல்லாருக்கும் இதான் முதல் வேலை.”

பேராசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பரசுராமனைப் பார்த்தார். “தினமுமா?”

தங்கையின் உழைப்பைத் துடைத்த கையை, அழுக்குக் கைக்குட்டையோடு முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, பரசுராமன் தரையைப் பார்த்து ஆமென்று தலையை ஆட்டினார்.