ஊர் சொல்லிடுச்சு

இராமலிங்கத்தைப் பற்றிக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல மனுசன்பா. சொன்ன பேச்சைக் கேப்பாரு."

உண்மைதான். ஏரியில் வலை இழுத்த காலத்தில் அப்பா சொன்னதைக் கேட்டார். மீன் குறைந்து சிப்காட் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனபோது மேஸ்திரி சொன்னதைக் கேட்டார். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போனதும் ஒரு ஷேர் ஆட்டோ வாங்கிக் குப்பத்துக்கும் ஆரம்பாக்கத்துக்கும் ஓட்ட ஆரம்பித்தார். கம்பெனி பஸ்கள் ஆரம்பாக்கத்தில்தான் வந்து நிற்கும். குப்பத்துக்கு வரும் டவுன் பஸ் எப்போது வரும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது. அதனால் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அவருடைய வண்டிதான்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் ஊரில் ஒரு சண்டை வந்தது. ஊர்த் தலைவர் ராஜமாணிக்கத்தின் மச்சான் படகை விட்டுக் குப்புராஜின் வலையைக் கிழித்துவிட்டான். குப்புராஜ் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். பேசிக்கலாம் என்றார்கள். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஊர் விவகாரம் ஊரைத் தாண்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். புகாரைத் திரும்ப வாங்கி, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார்.

மறுநாளே புயல் பாதுகாப்புக் கூடத்தில் ஊர் கூடியது. குப்புராஜ் குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளி வைப்பதாக மைக்கில் சொன்னார்கள். பேச்சுவார்த்தை கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கூடாது. தலைவர் கூட்டத்தில் இராமலிங்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"வண்டி வெச்சிக்கினு இருக்கறது நீ ஒருத்தன். அவங்க ஊட்டு ஆளுங்களை ஏத்தக்கூடாது. இன்னாப்பா?"

"சரி தலீவரே."

வாய் சொல்லிவிட்டது. என்ன சொன்னோம் என்று மனசுக்குத் தெரிந்தது வீட்டுக்கு நடக்கும்போதுதான். குப்புராஜின் மகள் அஸ்வினி அவர் வண்டியில்தான் தினமும் வேலைக்குப் போகிறாள்.

காலையில் அவள் வழக்கம்போல வேலிக்காத்தான் புதர் ஓரம் கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். கையைக் காட்டினாள். பழக்கத்தில் வண்டி தானாக வேகம் குறைந்தது. அவள் ஒரு காலைக்கூட முன்னால் எடுத்து வைத்துவிட்டாள். இராமலிங்கம் ரோட்டை மட்டும் பார்த்தபடி ஆக்சிலேட்டரைத் திருகினார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தைத் தாண்டிய பிறகு ஒருத்தி சொன்னாள், "பாவம். நாம இன்னா பண்றது, ஊர் சொல்லிடுச்சு."

அஸ்வினி நடந்தாள். சில நாள் கம்பெனி பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. இராமலிங்கம் அவளைப் பார்க்காமல் இருக்கச் சீக்கிரமே வண்டியை எடுத்துப் பார்த்தார். நடக்க வேண்டியிருந்ததால் அவள் அதைவிடச் சீக்கிரம் கிளம்பியிருந்தாள். வழியில் எங்காவது அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ரோட்டில் தண்ணீர் தேங்கி, ஓரமாக ஒதுங்கி நின்ற அவள் மேல் வண்டிச் சக்கரம் சேற்றை வாரி அடித்தது. "சித்தப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. அன்று சாயங்காலம் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தலீவரே, அந்தப் பொண்ணை மட்டும்... மழையா கீது."

"நானாப்பா வேணாங்கறேன்? ஊர் சொல்லிச்சு. நானும் ஊருக்குக் கட்டுப்பட்டவன்தானே" என்றார் ராஜமாணிக்கம். குரலில் கோபம் இல்லை. அவரும் களைத்துப்போனவர் போலத்தான் இருந்தார்.

வீட்டில் மனைவி சந்திரகலா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஒரு நாள் ஏத்திக்கினு போனாத்தான் இன்னா? தலையையா வாங்கிடுவாங்க?"

"நாளைக்கு நம்மளையும் தள்ளி வெச்சா? குடிக்கத் தண்ணிக்கு எங்க போவ?"

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் முதல் வாரத்துலேர்ந்தே பின்பக்கமா பிரேமாவுக்குத் தண்ணி குடுத்துக்கினுதான் கீறேன்" என்றாள். பிரேமா குப்புராஜின் மனைவி.

இராமலிங்கம் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "யாருனா பார்த்தாங்களா?"

"தலீவரு பொண்டாட்டியே பார்த்தாங்க. பார்த்துட்டு அந்தாண்ட திரும்பிக்கினாங்க. கடைக்காரரு கூட இருட்டுனதும் அரிசி குடுத்து அனுப்புறாரு. எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

அப்படியென்றால் சொன்னதைச் சொன்னபடி செய்தவர் ஊரில் அவர் ஒருவர்தான் போலிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட மறுநாள் அவர் வண்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவது என்றுதான் கிளம்பினார். தூரத்தில் அஸ்வினியின் குடை தெரிந்ததும் கால் பிரேக்கைத் தேடியது. இன்றைக்கு நிறுத்திவிட்டால், இத்தனை நாளும் நிறுத்தியிருக்க முடியும் என்று ஆகிவிடும். அந்தச் சேற்றுக்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். வண்டி குடையைத் தாண்டிப் போய்விட்டது. அவள் இப்போதெல்லாம் கை காட்டுவதும் இல்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

பொங்கல் கழிந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஊருக்குமாக அலைந்து குப்புராஜ் ஓய்ந்துபோனார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு கூடத்தில் கைகூப்பி நின்றார். காலில் விழ வேண்டாம், போனது போகட்டும் என்று ஊர் பெருந்தன்மையாகச் சொல்லியது. வலையைக் கிழித்தவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெளியே வரும்போது தலைவர் இராமலிங்கத்தின் தோளைத் தட்டினார்.

"இனிமே ஏத்திக்கப்பா."

"சரி தலீவரே."

மறுநாள் அவர் அஸ்வினிக்கு அருகில் வண்டியை நிறுத்தினார். உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"ஏறும்மா."

அவள் வண்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஏத்தாதன்னு சொன்னாங்க, போனீங்க. ஏத்துன்னு சொல்லிட்டாங்க, நிக்கிறீங்க. உங்களுக்கா எப்ப சித்தப்பா தோணும்?"

அவர் உள்ளே காலியாக இருந்த இடத்தைக் கையால் காட்டினார்.

"எனக்கு நடந்து பழகிடுச்சு. நீங்க போங்க" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை அது. பின்னாலிருந்து ஒருத்தி, "எடுண்ணா, பஸ் போயிடும்" என்றாள். எடுத்தார்.

கோடை தொடங்குமுன் அஸ்வினி கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை இராமலிங்கம் குப்புராஜ் வீட்டுக்குப் போனார். நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு வந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தார். குப்புராஜ் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். பிரேமா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணா, நான் பண்ணது தப்பு."

"உடுப்பா. உம்மேல எனக்குக் கோவம் இல்ல."

"இல்லண்ணா, நாலு வார்த்தை கேட்டுடு."

"எந்த மூஞ்சியை வெச்சிக்கினு கேக்கறது? பல வருசம் முன்ன அஞ்சம்மாள் ஊட்டையும் இப்படித்தான் தள்ளி வெச்சாங்களே, அப்ப நான் ஒரு வார்த்தை பேசுனனா? அவங்க புள்ள என் படகுல ஏற வந்தான். நான்தான் எறக்கி விட்டேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் போனவங்க திரும்பி வரவேயில்ல."

இராமலிங்கத்துக்கும் அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது. அன்றும் அவர் கடைசி வரிசையில் நின்று தலையாட்டியிருந்தார்.

"அவங்களை எதுக்குண்ணா தள்ளி வெச்சோம்?"

குப்புராஜ் ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு யோசித்தார். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. வெகுநேரம் யோசித்தும் இரண்டு பேருக்கும் காரணம் நினைவுக்கு வரவில்லை.